கண்ணாடி இறக்காத வண்டி

எங்கள் காரின் ஜன்னல்கள் எல்லாம் நன்றாக வேலை செய்யும். ஆனால் அவற்றை இறக்க எனக்கு அனுமதி இல்லை. இறக்காதே என்று என் கணவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் விரல் பொத்தான் பக்கம் போனால் “ஏசி பத்தலையா?” என்று கேட்பார். அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்தப் பெண்ணுக்குக் கண்ணாடியை இறக்க மனசு வரும்? கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

நாங்கள் இருப்பது பெரம்பலூரில். நான் பிறந்த ஊர் உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. அரியலூரைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ரோட்டில் ஒருமுறை போனவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் தார்ப்பாயைப் பேருக்குப் போர்த்திக்கொண்டு முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டே இருக்கும். சாலையோரத்து வேம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும். டீக்கடைக்காரர் பெஞ்சை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். இப்படிப்பட்ட ஊரில் கருநீலக் கார் ஒன்றை வாங்கி, அதன்மேல் தூசியே இருக்கக் கூடாது என்று ஒரு மனிதர் முடிவு செய்தால், அவர் பெண்டாட்டியின் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆரம்பத்தில் அவரும் ஊரில் எல்லாரையும்போலத்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கெட் தண்ணீர், பழைய வேட்டியில் கிழித்த துணி, கொஞ்சம் துணி சோப்புத்தூள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு டிபன் சாப்பிட வந்துவிடுவார். எதிர் வீட்டில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் இன்றைக்கும் அப்படித்தான் கழுவுகிறார். குழாயைப் பிடித்து ஒரு அடி, கிழிந்த பனியனால் ஒரு துடை, முன் கண்ணாடிக்குப் பழைய பேப்பர். அவருடைய கணக்கில் வண்டி சுத்தம் என்றால், ஏறுகிறவர் முகம் சுளிக்கக் கூடாது. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

என் கணவர் ஒரு தனியார் கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்தால் செல்போனில் வீடியோ பார்ப்பார். அப்படித்தான் ஒருநாள் கார் கழுவுவது எப்படி என்று ஒரு வீடியோ அவர் கண்ணில் பட்டது. கார் கழுவுவதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வெயிலில் போய் பானெட்டின் முன்னால் குனிந்து வெகுநேரம் நின்றார். உள்ளே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

“என்னங்க ஆச்சு?”

“பூரா கோடு. சிலந்தி வலை மாதிரி. நானேதான் போட்டிருக்கேன், அந்த வேட்டித் துணியால.”

நான் போய்ப் பார்த்தேன். எனக்கு என் முகம்தான் தெரிந்தது. தலையை இப்படிச் சாய், வெளிச்சம் படுகிற இடத்தைப் பார் என்றார். சாய்த்துச் சாய்த்துக் கழுத்து வலித்த பிறகு, முடியைவிட மெல்லிய வட்ட வட்டமான கீறல்கள் தெரிந்தன. பார்த்தே இருக்கக் கூடாது. அதற்கப்புறம் எந்தக் காரைப் பார்த்தாலும் எனக்கும் அந்தக் கோடுகள்தான் முதலில் தெரிகின்றன.

அதிலிருந்து வீட்டில் சாமான்கள் பெருகின. சோப்புத் தண்ணீருக்கு ஒரு பக்கெட், துணியை அலசுவதற்கு இன்னொன்று. கதவுக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி, உள்ளே துடைக்க வேறு நிறத்தில் ஒரு துணி. இவற்றை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. தரையில் விழுந்த துணி காருக்கு ஆகாது, அதை எனக்குக் கொடுத்துவிடுவார். அடுப்படி துடைக்க நல்ல துணி கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் குடத்தைப் பிடிப்பதா, அவருடைய பக்கெட்டைப் பிடிப்பதா என்று எங்களுக்குள் பேச்சு வராத வாரமே இல்லை.

வண்டியை நிறுத்துகிற இடம் பெரிய விவகாரம். புளியமரம் ஆகாது, பிசின் சொட்டும். அரசமரம் ஆகாது, காக்கா எச்சம். வெட்டவெளி ஆகாது, வெயில். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணை நான் பார்ப்பேன், அவர் நல்ல நிழலைப் பார்ப்பார். கிடைத்த நிழல் மண்டபத்திலிருந்து எவ்வளவு தூரம் இருந்தாலும் சரி, பட்டுப்புடவையோடு நான் நடக்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்தாலும் அவர் காது வெளியே பறவைச் சத்தத்தில்தான் இருக்கும்.

இவ்வளவு செய்தும் அவர் ஆட்களிடம் அவருக்கு மரியாதை இல்லை என்பதுதான் வேடிக்கை. இப்படிக் கார் துடைக்கிறவர்களுக்கென்று செல்போனில் ஒரு குரூப் இருக்கிறது. அதிலிருந்து ஒருவர் திருச்சியிலிருந்து வந்தார். நான் டிபன் எடுத்து வைத்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு நேராகக் காரிடம் போனார். பட்டப்பகலில் பையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்து அடித்து, கதவின் கைப்பிடிக்கு அடியில் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “பரவால்ல சார், ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்க” என்றார். என் கணவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஊரே பார்த்து வியக்கிற கார், அந்தக் குரூப்பில் கடைசி பெஞ்சு. எதிர் வீட்டுக்காரர் “சார் வண்டிய மியூசியத்துல வைக்கலாம்” என்று புகழ்ந்தால், இவருக்குக் கேலியாகக் காதில் விழுகிறது. திருச்சிக்காரர் குறை சொன்னால் ராத்தூக்கம் போகிறது. இப்படி ஒருவர் தானாகப் போய் மாட்டிக்கொள்வாரா என்று எனக்குக் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் நான் சொல்வது அதற்காகத்தான்.

வண்டி வாங்கிய புதிதில் முதலில் அம்மாவிடம்தான் கொண்டுபோய்க் காட்டினோம். அவள் கற்பூரம் சுற்றி, சந்தனத்தைக் குழைத்து, பானெட்டின் நடுவில் விரலால் இழுத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். வெயிலில் காய்ந்து, கழுவிய பிறகும் அந்த இடம் லேசாக மஞ்சள் பாரித்துக் கிடந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. கோடுகள் தெரிய ஆரம்பித்த பிறகு, என் கணவர் மெஷின் வைத்து மேல் பூச்சைத் தேய்த்தபோது அதுவும் போய்விட்டது. அடுத்த தடவை போனபோது அம்மா பானெட்டின் பக்கத்தில் வந்து தேடினாள். அந்த வருஷத்து ஆயுத பூஜையில் எதிர் வீட்டு வண்டி முழுக்கச் சந்தனமும் வாழைக்கன்றுமாக நிற்க, எங்கள் வண்டிக்கு இவர் முன் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். கண்ணாடியில் கறை பிடிக்காதாம்.

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் மோசமானது. முந்திரிக்கொட்டை பொறுக்கிப் பொறுக்கிக் குனிந்த கால். பெரம்பலூரில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஒரு மாதம் தினமும் வந்து பயிற்சி எடுக்கட்டும், விட்டுவிட்டால் நடை நின்றுவிடும் என்றார். அப்படியென்றால் அம்மா எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். மருமகன் வீட்டில் போய் ஒரு மாதமா என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். நான் போனில் கெஞ்சி, கோபித்து, அழுது ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவள் தன் காலால் நடக்க வேண்டும், கொஞ்ச நாள் என்னோடு இருக்க வேண்டும்.

என் தம்பியிடம் ஒரு பழைய வேன் உண்டு. வெள்ளை வேன் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. அதில் முந்திரி மூட்டை போகும், ஆட்டுக்குட்டி போகும், கல்யாணத்துக்கு உறவுக்காரர்களும் போவார்கள். “நானே கொண்டாந்து விட்டுடுறேன் மாமா” என்று தம்பி போனில் சொன்னான். என் கணவருக்கு மனசு கேட்கவில்லை. “அத்தைய அந்த வண்டியிலயா? குலுங்கிக் குலுங்கிக் காலு போயிடும்பா. நான் வந்து கூட்டிக்கிட்டு வரேன்” என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதை நான் மறைக்க மாட்டேன்.

நாங்கள் போனதற்கு முதல்நாள் மழை. அம்மா வீட்டுக்குப் போகிற சந்து செம்மண். அவர் வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

“உள்ள வாங்க மாமா, வண்டி வரும்” என்றான் தம்பி.

“வரும்ப்பா. சேறு அடிச்சா அடியில புடிச்சுக்கும், அப்புறம் எடுக்கறது கஷ்டம்.”

தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். முழங்கால் தேய்ந்த அம்மா அந்தச் சேற்றுச் சந்தைத் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கார் பக்கத்திலேயே நின்று காலைக் கழுவிக்கொண்டாள். யாரும் சொல்லாமலேயே முந்தானையால் பாதத்தைத் துடைத்தாள். என் கணவர் ஒரு கவரை நீட்டி, “செருப்ப மட்டும் இதுல போட்டுக்குங்க அத்தை” என்றார். குரலில் அவ்வளவு பணிவு. எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அம்மா பின் சீட்டில் ஏறினாள். நான் முன்னால். வண்டி கிளம்பியது.

வழக்கமாகப் பஸ்ஸில் வந்தால் அம்மா வழி நெடுகப் பேசுவாள். யார் காடு, யார் வித்தார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று. அன்று ஒரு வார்த்தை இல்லை. திரும்பிப் பார்த்தேன். கதவின் மேல் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை.

“ஏம்மா, மயக்கமா வருதா? கண்ணாடிய எறக்கட்டுமா?”

“வேணாம் பாப்பா. தூசி வுழும்.”

அரியலூரில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நாங்களும் நின்றோம். வெளியே காற்றடித்து ஒருவர் துண்டு பறந்தது. உள்ளே ஏசியும், அவர் தெளிக்கிற அந்தப் பழ வாசனையும்தான். எனக்கே கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. “காலு வலிக்குதாம்மா?” என்றேன். “இல்ல இல்ல” என்றாள் அவசரமாக.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் இறங்கிப் போய் அம்மாவின் கதவைத் திறந்தார். அவர் கண் தானாகக் கீழே, கால்மிதி மேட்டுக்குப் போயிற்று.

“பரவால்லையே அத்தை, மேட்ல ஒரு பொட்டு மண்ணு இல்ல!”

“பாத்துத்தான் உக்காந்தேன் மாப்ள” என்றாள் அம்மா. பாராட்டு கிடைத்த பள்ளிக்கூடப் பிள்ளையாகச் சிரித்தாள். அப்புறம் காலை வெளியே எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி முயன்றாள். முகம் கோணியது.

“காலு பூட்டிக்கிச்சு பாப்பா.”

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் மடக்கி, குதிகாலைத் தூக்கி, கட்டைவிரல் நுனி மட்டும் மேட்டில் படுகிற மாதிரி வைத்திருந்தாள். உடையார்பாளையத்திலிருந்து அப்படியேதான் வந்திருக்கிறாள். டாக்டர் மடக்கவே கூடாது என்று சொன்ன முழங்கால் அது.

“ஏம்மா, நல்லா வச்சுக்க வேண்டியதுதானே?” என்று கத்திவிட்டேன்.

“நகக்கண்ணுல சேறு இருந்துச்சு. போவல.”

என் கணவர் குனிந்து அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்காரவைத்தார். வெந்நீர் வைத்து அவரே ஒத்தடம் கொடுத்தார். அன்று அவர் காரைத் துடைக்கவில்லை. மறுநாள் காலையில் துடைத்தார்.

அம்மா என் வீட்டில் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. எங்கள் வீட்டுத் தரையையும் அவள் கார் மேட்டாகத்தான் நினைத்தாள். குளித்துவிட்டு வந்தால் பாதம் காய்கிறவரை பாத்ரூம் வாசலிலேயே நிற்பாள். வெற்றிலை போடுவதை விட்டாள். நாற்காலியின் விளிம்பில் உட்காருவாள். நான் சண்டை போட்டேன். “நான் சாதாரணமாத்தாண்டி இருக்கேன்” என்றாள். பயிற்சி கொடுக்கிற இடத்தில் கால் கொஞ்சம் நீள ஆரம்பித்திருந்தது. அதற்குள் முந்திரி விழுகிற நேரம் என்று சொல்லித் தம்பியை வரச் சொல்லிவிட்டாள்.

தம்பி வேனைக் கொண்டுவந்தான். பின் சீட்டில் உரச்சாக்கு, வைக்கோல், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. அம்மா சாக்கைத் தள்ளிவிட்டு ஏறி, காலை அந்தச் சாக்கின்மேல் நீட்டினாள். கண்ணாடியை முழுக்க இறக்கினாள். பெருமூச்சு விட்டாள். என் கணவர் பக்கத்தில் வந்து, “அத்தை, நான் கொண்டாந்து விட்டிருப்பேனே” என்றார்.

“உங்க வண்டி நல்ல வண்டி மாப்ள. எனக்குத்தான் அதுல எப்படி உக்காரணும்னு தெரியல.”

அவள் குத்திக் காட்டவில்லை. அப்படிப் பேச அவளுக்குத் தெரியாது. அதனால்தான் அவர் முகம் அப்படிப் போயிற்று.

பயிற்சி பாதியில் நின்றது. கால் மறுபடி மடங்கத் தொடங்கியது. தம்பி போனில் சொன்னதும் டாக்டரிடம் ஓடினேன். டாக்டர் திட்டினார், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். மறுபடி கெஞ்சல், அழுகை. அம்மா வருகிறேன் என்றாள். இந்தத் தடவை என் கணவர் தானாகவே பின் சீட்டு மேட்டை எடுத்து வீட்டில் போட்டுவிட்டு, பழைய ஜமுக்காளத்தை விரித்தார். பழ வாசனை பாட்டிலையும் கழற்றினார். சந்துக்குள் சேறு இல்லை. இருந்திருந்தாலும் அன்று உள்ளே ஓட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

தம்பி வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தான். அம்மா பையோடு தயாராக வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள். நின்றாள்.

“நீங்க முன்னால போங்க பாப்பா. நான் பஸ்ஸுல வந்துடுறேன்.”

“வாசல்லயே வண்டி நிக்குது, பஸ்ஸா?”

“மாப்ள கோவிச்சுக்காதீங்க. எனக்கு அது பழகல.”

அவர் ஜமுக்காளத்தைக் காட்டினார். எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார். அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். கடைசியில் நான்தான் அவளைக் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கூட்டிப்போய்ப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றினேன். படி உயரம். கண்டக்டர் மேலிருந்து கையைக் கொடுத்து இழுத்தார். வலியில் ஒரு சத்தம் போட்டாள், ஆனாலும் ஏறிவிட்டாள். நானும் கூடவே ஏறியிருக்கலாம். இவர் காரை ரோட்டுக்குக் கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

இவர் பஸ்ஸுக்குப் பின்னால் போகவே மாட்டார். கல் தெறிக்கும், தூசி படியும் என்று ஒன்று முந்திவிடுவார், இல்லையென்றால் ஓரம் கட்டி நிறுத்தி அது மறைகிறவரை காத்திருப்பார். அன்று பின்னாலேயே போனார். வழி விட்டபோதும் முந்தவில்லை. பஸ் கிளப்பிய புழுதி முழுவதும் எங்கள் பானெட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. வைப்பரைக்கூடப் போடாமல் ஓட்டினார்.

எனக்குக் கெண்டைக்கால் வலித்தது. இந்த வண்டியில் போனால் எனக்கு எப்போதும் வலிக்கும். வயசாகிறது என்று நினைத்துக்கொள்வேன். அன்று ஏனோ குனிந்து பார்த்தேன். என் குதிகால் இரண்டும் தூக்கியிருந்தன. விரல் நுனி மட்டும்தான் மேட்டில் பட்டுக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷமாக இப்படித்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை அப்படி உட்காரச் சொன்னதில்லை. காலை இறக்கி வைத்தேன். ஒரு லாரியைத் தாண்டுவதற்குள் அது தானாகவே மேலே போய்விட்டது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நுழைந்து நின்றது. இவர் வெளியே ஓரமாக நிறுத்தினார்.

“நான் அம்மாகூட வரேங்க” என்றேன்.

என்னையே பார்த்தார். ஏசி பத்தலையா என்று அன்று கேட்கவில்லை. “சரி, போ” என்றார்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். தோலைக் கீழேயே போட்டிருந்தாள். கால் நன்றாக முன்னால் நீண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கடலைத் தோலின்மேல் இரண்டு பாதத்தையும் முழுசாக வைத்தேன். பஸ் கிளம்பியது. காற்றும் சிமெண்ட்டுத் தூசியும் சேர்ந்து முகத்தில் அடித்தன. எனக்கு அழுகை வந்தது.

“மாப்ள எங்க?” என்றாள் அம்மா.

“பின்னால வராரு.”

அவள் கஷ்டப்பட்டு உடம்பைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கார் நிறமே தெரியாமல் வந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் ஒருவர் மட்டும். எல்லாக் கண்ணாடியும் ஏறியிருந்தது.

“பாவம், தனியா வராரே” என்றாள். “கண்ணாடியையாச்சும் எறக்கிக்கிட்டா என்ன? கொஞ்சம் காத்து வரும்ல.”